பல்ப் எரிந்தது, இணைப்பு தவறு: ஒரு வயரிங் பயிற்சி வகுப்பின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வீட்டு வயரிங்கின் முதல் கட்டத்தைக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி வகுப்பில் நடந்தது இது. மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு வந்தவர்கள். ஓரிருவர் மட்டும் எலக்ட்ரீஷியன்களோடு உதவியாளாகப் போய்ப் பழகியவர்கள். வகுப்பை நடத்தியவர் நெடுங்காலம் களத்தில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்த மூத்த பயிற்றுநர். நான் அவருக்குத் துணை. நடப்பதைக் குறித்துவைப்பதும் என் பொறுப்பு.

பாடம் நடந்த முறை வழக்கமானதுதான். ஓம் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு எல்லாம் கரும்பலகையில். அப்புறம் பயிற்சி போர்டு: ஒரு ஸ்விட்ச்சுக்கு ஒரு பல்ப், இரண்டு ஸ்விட்ச்சுக்கு இரண்டு பல்ப், மாடிப்படிக்குப் போடும் டூ வே இணைப்பு (ஒரே பல்பைக் கீழிருந்தும் மேலிருந்தும் போட, அணைக்க), கடைசியாக ஒரு பிளக் பாயிண்ட். இருவர் இருவராக வரைபடத்தைப் பார்த்து வயர் இழுப்பார்கள். பயிற்றுநர் ஒருமுறை கண்ணோட்டம் விட்டுவிட்டு, எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது) வழியாக 230 வோல்ட் கொடுப்பார். பல்ப் எரிந்தால் மதிப்பெண். எரியாவிட்டால், நேரம் இல்லாத காரணத்தால், தவறு எங்கே என்று அவரே விரலால் காட்டிவிடுவார்.

மின்சாரம் உள்ள இடத்தில் பட்டால் எரியும் டெஸ்டர், வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் மல்டிமீட்டர், வயரின் காப்பைச் சோதிக்கும் மெகர் ஆகியவை தனிப் பாடம். மேசைமேல் வைத்து ஒவ்வொரு கருவியையும் எப்படிப் பிடிப்பது, திருகை எந்த எண்ணில் வைப்பது என்று சொல்லித் தருவோம். போர்டு வேலைக்கும் இந்தப் பாடத்துக்கும் நடுவே பாலம் எதுவும் இல்லை.

## கவனித்தது

உள் மதிப்பீட்டு நாளில் எல்லா போர்டுகளும் எரிந்தன. மாணவர்களுக்கு மகிழ்ச்சி. மூத்த பயிற்றுநர் மட்டும் ஒரு போர்டின் முன் நின்று, ஸ்விட்ச்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் முனைகளில் டெஸ்டரை வைத்தார். ஒரு முனையில் பளிச்சென்று எரிந்தது. மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் வயரில் இருக்க வேண்டிய ஸ்விட்ச், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் போடப்பட்டிருந்தது. போட்டால் எரியும், அணைத்தால் அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் நின்றுகொண்டே இருக்கும். பல்ப் மாற்றப் போகிறவர் விரல் படும் இடம் அது.

அந்த இருவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "இது சரின்னு எப்படித் தெரியும்?"

"லைட் எரியுதே சார்" என்றார்கள்.

அதன்பிறகு மற்ற போர்டுகளையும் வரிசையாகப் பார்க்கத் தொடங்கினார். இன்னும் இரண்டு இடங்களில் நின்றோம்.

முதலாவது டூ வே போர்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு தன்னை நன்றாக மறைத்துக்கொள்ளும். டூ வே ஸ்விட்ச்சில் மூன்று முனைகள்: ஒன்று காமன், மற்ற இரண்டிலும் இரு ஸ்விட்ச்சுகளுக்கு இடையே ஓடும் வயர்கள் வரவேண்டும். அந்த போர்டில் இரண்டாவது ஸ்விட்ச்சின் காமனில் இடைவயர் ஒன்றைச் சொருகிவிட்டு, பல்புக்குப் போகும் வயரைப் பக்கத்து முனையில் முடுக்கியிருந்தார்கள். செய்து காட்டச் சொன்னோம். பல்ப் எரிந்துகொண்டிருந்தது. மாணவர் கீழ் ஸ்விட்ச்சைத் தட்டினார், அணைந்தது. திரும்பத் தட்டினார், எரிந்தது. மேல் ஸ்விட்ச்சைத் தட்டினார், அணைந்தது. திரும்பத் தட்டினார், எரிந்தது. "ரெண்டு பக்கமும் வேலை செய்யுது" என்று முடித்தார்.

பயிற்றுநர் கீழ் ஸ்விட்ச்சை அணைத்து அப்படியே விட்டுவிட்டு, மேல் ஸ்விட்ச்சைத் தட்டச் சொன்னார். எரிய வேண்டிய பல்ப் எரியவில்லை. இரண்டு ஸ்விட்ச்சுகளுக்கு நான்கு நிலைகள். சரியான இணைப்பில் அதில் இரண்டில் எரியும், இரண்டில் எரியாது. எந்த நிலையில் இருந்தாலும், எந்த ஸ்விட்ச்சைத் தட்டினாலும் நிலை மாறும். இந்த போர்டிலோ ஒரே ஒரு நிலையில் மட்டும்தான் எரிந்தது. மாணவர் ஒவ்வொரு முறையும் ஸ்விட்ச்சைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சோதித்ததால், அந்த ஒரு நிலையைச் சுற்றியே வந்துகொண்டிருந்தார். நான்காவது நிலைக்கு அவர் கை போகவே இல்லை.

இரண்டாவது, பிளக் பாயிண்ட் உள்ள போர்டு. காலையில் வேலை செய்தது, மதியம் பிளக்கில் எதைச் செருகினாலும் ஓடவில்லை, பல்பும் எரியவில்லை. ஒரு மாணவி டெஸ்டரை வைத்தார். இரண்டு துளைகளிலும் எரிந்தது. "ரெண்டு பேஸ் வருது சார்" என்று பின்வாங்கினார். உண்மையில் போர்டுக்கு வரும் நியூட்ரல் வயர் இணைப்பிலிருந்து கழன்றிருந்தது. பல்பின் ஸ்விட்ச் போட்ட நிலையிலேயே இருந்ததால், பேஸ் அந்த பல்பின் இழை வழியாக நியூட்ரல் பக்கம் வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நின்றது. ஸ்விட்ச்சை அணைத்ததும் ஒரு துளையில் மட்டும் எரிந்தது. மீட்டரை வைத்தபோது இரண்டு துளைகளும் எர்த்துக்கு 230-ஐ ஒட்டிக் காட்டின. ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட பூஜ்யம். இது நியூட்ரல் கட் என்பதற்குப் பாடப்புத்தக அடையாளம். ஆனால் வகுப்பில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. டெஸ்டர் எரிந்தால் பேஸ் என்று மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த பேஸ் எந்த வழியாக வந்தது என்று கேட்கும் பழக்கம் இல்லை.

யாருக்கும் எந்தக் காயமும் ஏற்படவில்லை. ஆர்.சி.சி.பி. இருந்தால் எதையும் தொடலாம் என்ற நம்பிக்கை சிலருக்கு இருந்தது என்பதும் அன்று தெரிந்தது. பேஸிலிருந்து உடல் வழியாக எர்த்துக்குப் போகும் கசிவை அது பிடிக்கும். ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் சமமாகத்தான் இருக்கும். நடுவில் இருப்பது பல்பா ஆளா என்று அதற்குத் தெரியாது.

## காரணம் தேடியபோது

ஒவ்வொரு ஜோடியையும் தனியாக அழைத்து, தங்கள் போர்டின் வரைபடத்தை வெள்ளைத்தாளில் போடச் சொன்னோம். வரைந்தார்கள், பெரும்பாலும் சரியாகவே. அடுத்து, ஒரு புள்ளியைக் காட்டி, "ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது இங்கே மீட்டர் என்ன காட்டும்?" என்று கேட்டோம். அங்கேதான் எல்லோரும் தடுமாறினார்கள். "வெச்சுப் பார்த்தாத்தான் சார் தெரியும்" என்றார் ஒருவர். நேர்மையான பதில்தான். ஆனால் பார்க்கப் போகும் எண் சரியா தவறா என்று தீர்மானிக்க அவரிடம் அளவுகோல் எதுவும் இல்லை என்பதையும் அந்தப் பதிலே சொல்லிவிட்டது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. மின்சாரம் பேஸில் புறப்பட்டு, பல்பில் செலவழிந்து, மிச்சம்தான் நியூட்ரலில் திரும்புகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். உலகம் முழுக்க மாணவர்களிடம் காணப்படும், ஆய்வாளர்கள் பலகாலமாகக் குறித்துவரும் ஒரு நம்பிக்கை இது. தேர்வில் ஓம் விதிக் கணக்கைச் சரியாகப் போடுகிறவரிடமும் இது ஒளிந்திருக்கும். நியூட்ரல் வயர் 'சும்மா வரும் வயர்' என்று மனத்தில் பதிந்துவிட்டால், அதில் ஸ்விட்ச் போட்டால் என்ன, அது கழன்றால் என்ன ஆகும் என்ற கேள்விகளே எழாது.

களப் பழக்கம் உள்ள மாணவர் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பிலேயே வேகமான கை அவருடையதுதான். வயரின் உறையை உரிப்பதைப் பார்த்தால் பத்து வருஷ வேலைக்காரர் மாதிரி இருக்கும். ஸ்விட்ச்சை நியூட்ரலில் போட்டதும் அவருடைய ஜோடிதான். விசாரித்தால், கறுப்பு வயரை ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோனது அவர். முன்பு ஓர் இடத்தில் அப்படிப் பார்த்த நினைவாம். நிறத்தை நம்பியது அவர் குற்றமில்லை. ஆனால் நிறம் சாட்சி ஆகாது: பழைய பிரிட்டிஷ் முறையில் கறுப்பு நியூட்ரல், வட அமெரிக்க முறையில் கறுப்பு பேஸ், இன்று பல நாடுகளில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல். இதற்கு மேல், கையில் கிடைத்த வயரை இழுத்துவிட்டுப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மூத்த பயிற்றுநர் அன்று மாலை சொன்னதை அப்படியே குறித்திருக்கிறேன்: "மதிப்பெண் பல்புக்குத்தானே குடுக்கறோம். அவங்க பல்பை எரிய வெச்சிட்டாங்க."

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கொஞ்ச காலத்துக்கு 230 வோல்ட்டை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து (மெயின் லைனோடு நேரடி இணைப்பு இல்லாதது) 24 வோல்ட், ஒவ்வொரு போர்டுக்கும் தனி ஃபியூஸ், 24 வோல்ட் 5 வாட் இழை பல்ப். இது நான் வைத்த யோசனை. மூத்த பயிற்றுநர் ஒத்துக்கொள்ளவில்லை. "பயம் போயிடும். பயம் போன கையை அப்புறம் 230-ல வெக்க விட முடியாது" என்றார். அதில் நியாயம் இருந்தது. என் பக்கத்து வாதம் வேறு: 230 வோல்ட்டில் தவறு செய்ய மாணவருக்கு இடமில்லை, அதனால் நாம் முந்திக்கொண்டு திருத்துகிறோம், அதனால் தவறைத் தேடும் வேலை முழுவதும் நம்மிடமே தங்கிவிடுகிறது. கடைசியில், 24 வோல்ட்டிலும் 230-க்கு உரிய ஒழுங்கு அத்தனையும் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். ஸ்விட்ச்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ளாமல் போர்டில் கை வைக்கக் கூடாது. ஃபியூஸ் போனால், ஏன் போனது என்று வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த ஃபியூஸ்.

24 வோல்ட்டில் இன்னொரு வசதி எதிர்பாராமல் கிடைத்தது. நியான் டெஸ்டர் அங்கே எரியாது. அதற்குள் இருக்கும் சிறு விளக்கு பற்றிக்கொள்ளவே ஏறக்குறைய அறுபது எழுபது வோல்ட்டாவது வேண்டும். ஆக, டெஸ்டரைக் குத்திப் பார்த்துத் தப்பிக்கும் வழி அடைபட்டது. பேஸ் எது நியூட்ரல் எது என்பதை மின்சாரம் கொடுக்கும் முன்பே, மீட்டரில் கன்டினியூட்டி (வயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று) பார்த்துத்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது முடிவு, எதிர்பார்ப்புத் தாள். சாதாரணக் கோடு போட்ட தாள்தான். எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே, ஸ்விட்ச் எந்த நிலையில், என்ன வரும் என்று நினைக்கிறேன், என்ன வந்தது. நினைத்ததும் வந்ததும் மாறுபட்டால் அங்கேயே நிறுத்தி, காரணம் கண்டுபிடித்த பிறகே அடுத்த வரி. ப்ரோபை, அதாவது மீட்டரின் தொடுமுனையை, வைப்பதற்கு முன் எதிர்பார்ப்பை எழுதியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

சோதனையின் வரிசையையும் நிர்ணயித்தோம். முதலில் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்ப்பது. பிறகு எர்த் வயர் முழுக்கத் தொடர்ச்சியாக இருக்கிறதா. பிறகு பல்பைக் கழற்றிவிட்டு, நியூட்ரல் முனையிலிருந்து ஹோல்டர் வரை நேரடித் தொடர்பு இருக்கிறதா. பேஸ் முனையிலிருந்து ஹோல்டர் வரை ஸ்விட்ச் போட்டால் மட்டும் தொடர்பு வருகிறதா. எல்லா ஸ்விட்ச்சையும் போட்டு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஷார்ட் இல்லையா. அதன்பின் காப்புச் சோதனை. இவ்வளவும் மின்சாரம் இல்லாமல். டூ வே என்றால் நான்கு நிலைகளுக்கும் நான்கு வரிகள். இதற்கெல்லாம் பிறகுதான் மின்சாரம்.

மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் தாளுக்குப் போனது. கணினியில் சர்க்யூட் வரைந்து பார்க்கும் மென்பொருள் பற்றியும் பேசினோம். அதில் ஸ்க்ரூ தளராது என்பதால் விட்டுவிட்டோம்.

## அடுத்து நடந்தவை

தொடக்கத்தில் தாள் ஒரு சடங்காகவே இருந்தது. மீட்டரைப் பார்த்துவிட்டு, 'வந்தது' பத்தியை நிரப்பி, அதையே பார்த்து 'நினைப்பது' பத்தியையும் நிரப்பினார்கள். எதிர்பார்ப்பே இவ்வளவு துல்லியமாக 0.3 ஓம் என்று தாளில் இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது! முறையைக் கொஞ்சம் மாற்றினோம். தாளும் பேனாவும் ஒருவர் கையில், ப்ரோப் மற்றவர் கையில். ப்ரோப் வைத்திருப்பவர் வாய்விட்டுச் சொல்வார், மற்றவர் எழுதுவார், எழுதி முடித்து "சரி" என்ற பிறகே தொட வேண்டும். சத்தம் அதிகமானது. ஆனால் அந்தச் சத்தத்தில்தான் யார் எங்கே தடுமாறுகிறார் என்று எங்களுக்குக் காது வழியாகவே தெரிந்தது.

பீப் சத்தத்தால் வந்த குழப்பம் ஒன்று நல்ல பாடமாகிவிட்டது. ஒரு ஜோடி பல்பைக் கழற்ற மறந்துவிட்டு, ஸ்விட்ச்சைப் போட்டு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கன்டினியூட்டி பார்த்தார்கள். மீட்டர் பீப் என்றது. "ஷார்ட்" என்று முடிவு கட்டி, நாங்கள் கவனிப்பதற்குள் பாதி போர்டைப் பிரித்துவிட்டார்கள். பீப் அடித்தது பல்பின் குளிர்ந்த இழை. பல மீட்டர்கள் சில பத்து ஓம்களுக்குக் கீழே எதைக் கண்டாலும் ஒலி எழுப்பும்.

திரையில் இருந்த எண்ணைப் படிக்கச் சொன்னோம். பதினொன்று ஓம் சொச்சம். கணக்குப் போடச் சொன்னோம்: 24 வோல்ட்டை 11 ஓமால் வகுத்தால் இரண்டு ஆம்பியருக்கு மேல், ஐம்பது வாட்டைத் தாண்டுகிறது. பல்பின் தலையில் 5 வாட் என்று அச்சடித்திருக்கிறது. "மீட்டர் தப்பா, பல்ப் தப்பா?" என்று மாணவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் மூண்டது. எரியும்போது அளக்கலாம் என்று ஒருவர் சொல்ல, ஆம்பியர் மீட்டரைத் தொடரில் போட்டார்கள். 0.2 ஆம்பியர். அப்படியானால் எரியும்போது மின்தடை 115 ஓம் பக்கம். இழை சூடாகும்போது மின்தடை ஏறக்குறைய பத்து மடங்கு கூடுகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதாமலேயே கண்டுகொண்டார்கள். பல்ப் பெரும்பாலும் போட்ட கணத்தில்தான் ஏன் போகிறது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை வந்தது. அந்த வகுப்பு நேரம் முழுவதும் இதிலேயே போனது, நாங்கள் தடுக்கவில்லை. 'எண்ணைப் படி, சத்தத்தை நம்பாதே' என்று யாரோ தாளின் மேல் எழுதிவைத்தது மற்ற ஜோடிகளுக்கும் பரவியது.

அடுத்தது கொஞ்சம் கவலைக்குரியது. ஒரு மீட்டரின் ப்ரோப் வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது. அதை வைத்து ஷார்ட் சோதனை செய்த ஜோடி, எல்லா இடத்திலும் 'தொடர்பு இல்லை' என்று கண்டு, எதிர்பார்த்ததே வந்தது என்று தாளில் டிக் அடித்துக்கொண்டே போனது. செத்த மீட்டர் ஷார்ட் சோதனையில் எப்போதும் பாஸ் ஆகும். அதே மீட்டரை 230 வோல்ட்டில் வைத்தால் மின்சாரம் இல்லை என்றும் சொல்லும், அதுதான் ஆளைக் கொல்வது. எதிர்பார்ப்புத் தாளுக்கு இந்த ஓட்டையை அடைக்கும் சக்தி இல்லை, ஏனென்றால் எதிர்பார்ப்பதும் 'ஒன்றும் இல்லை', கருவி காட்டுவதும் 'ஒன்றும் இல்லை'. அன்றிலிருந்து தாளின் முதல் வரியும் கடைசி வரியும் கருவிக்கே போயின: இரண்டு ப்ரோப்களையும் ஒன்றோடொன்று தொட்டு 0.2, 0.3 ஓம் வருகிறதா. மின்னழுத்தம் பார்ப்பதென்றால், மின்சாரம் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார், பிறகு சோதிக்கும் இடம், பிறகு மறுபடி தெரிந்த இடம். களத்தில் பழகியவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம்தான் இது. மூத்த பயிற்றுநர் இதை எப்போதும் செய்வார். சொல்லிக் கொடுக்க வேண்டிய ஒன்றாக அவருக்கே தோன்றாத அளவுக்குக் கை பழகியிருந்தது.

காப்புச் சோதனையில் பெரிய சிக்கல் இல்லை, ஒன்றைத் தவிர. 230 வோல்ட் சுற்றுக்கு மெகரில் 500 வோல்ட் டி.சி. வைத்துப் பார்க்கிறோம், ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஏற்கக் கூடாது. எல்.இ.டி. பல்பைக் கழற்றாமல் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அழுத்தினால் அளவு குறைந்து காட்டும், பல்பின் உள்ளே உள்ள மின்னணுப் பகுதியும் கெடலாம். எனவே பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, எர்த்துக்கு எதிராகப் பார்க்கும் முறையை முதலில் சொல்லிக் கொடுத்தோம்.

பிறகு கோளாறு போர்டுகள் வந்தன. ஒரு ஜோடி வேண்டுமென்றே ஒரு கோளாறை வைக்கும், இன்னொரு ஜோடி கண்டுபிடிக்க வேண்டும். கோளாறு வைப்பவர்களும், தங்கள் கோளாறு எந்த வரியில் அகப்படும் என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். இதில்தான் களப் பழக்கம் உள்ள அந்த மாணவருக்கு ஆர்வம் பிறந்தது. அதுவரை தாளை வேண்டாவெறுப்பாக நிரப்பியவர், டூ வே காமனை மாற்றி வைத்து, எதிர் ஜோடியைப் பாதி வகுப்பு நேரம் அலைக்கழித்தார். தாளின் நான்காவது வரிக்குப் போகாமல் மூன்றிலேயே நிற்பவர்களைக் குறிவைத்ததாகச் சொன்னார். அலைக்கழிந்தவர்கள் அதற்கப்புறம் நான்காவது வரியை விட்டதில்லை.

பாடத்தின் கடைசிப் பகுதியில் 230 வோல்ட் திரும்ப வந்தது. மூத்த பயிற்றுநர் அஞ்சிய மாதிரி கை துணிந்துவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இருவரை, சாவியைப் பையில் போடாமல் போர்டைத் திறந்ததற்காக, வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. அவருடைய கவலை முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

புதுக் குழப்பம் ஒன்றும் வந்தது. டூ வே இணைப்பில், அந்த நேரத்தில் எதனோடும் இணையாமல் நிற்கும் இடைவயரில் மீட்டர் அறுபது, எண்பது வோல்ட் என்று ஏதோ காட்டியது. எதிர்பார்ப்பு பூஜ்யம். பக்கத்தில் ஒட்டி ஓடும் பேஸ் வயரிலிருந்து மின்தேக்க விளைவால் வரும் வெற்று மின்னழுத்தம் இது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பத்து மெகாஓம் அளவுக்கு இருப்பதால், அந்தத் துளி மின்னூட்டமும் எண்ணாகத் தெரிகிறது. அதே இடத்தில் ஒரு டெஸ்ட் லாம்ப்பை வைத்தால் எரியாது, மீட்டர் எண்ணும் சரிந்துவிடும். முன்பாக இருந்தால் "ஏதோ லீக்கேஜ் சார்" என்று எங்களிடம் வந்திருப்பார்கள். இந்த முறை ஒரு மாணவி, லோடு கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிவதைக் கண்டு முன்பு பின்வாங்கியவர் அவர்தான்.

## விளைவு

இறுதி மதிப்பீட்டில் ஒவ்வொரு போர்டுக்கும் ஆன நேரம் தெளிவாகக் கூடியது. முன்பு ஒரு வகுப்பு நேரத்தில் முடித்ததை இப்போது முடிக்க முடியவில்லை. பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதி ஒன்று சுருங்கிப்போனது. மறுபுறம், ஸ்விட்ச்சை நியூட்ரலில் போட்ட போர்டு ஒன்றுகூட மின்சாரம் வரை போகவில்லை. ஒரு ஜோடி அந்தத் தவறைச் செய்தது, தாளின் வரியிலேயே பிடித்துத் திருத்தியும்விட்டது. நியூட்ரல் கட் கோளாறை வைத்தபோது, பெரும்பாலானவர்கள் பல்ப் ஸ்விட்ச்சை அணைத்துப் பார்க்க வேண்டும் என்ற இடத்துக்கு உதவியில்லாமல் வந்தார்கள்.

எல்லோருக்கும் இது வந்துவிடவில்லை. தாளை ஒழுங்காக நிரப்பி, எதிர்பார்ப்பையும் சரியாகச் சொல்லி, மாறுபாடு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வரிசை மனப்பாடம் ஆகியிருந்தது, சுற்று மனத்தில் ஓடவில்லை. மின்சாரம் பல்பில் செலவாகிவிடும் என்ற பழைய நம்பிக்கையும் சிலரிடம் இறுதிவரை அப்படியே இருந்தது. பல்புக்கு முன்னும் பின்னும் ஆம்பியர் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டியதைப் பார்த்த பிறகும்.

## மாற்ற வேண்டியவை

ஆம்பியர் மீட்டரைப் பல்புக்கு முன்னும் பின்னும் போட்டுப் பார்ப்பது வயரிங் தொடங்குவதற்கு முன்பே வரவேண்டும், பார்ப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுதித் தரவேண்டும். போர்டுகள் பழகிய பிறகு காட்டியதால் அது ஒரு வேடிக்கையாகவே கடந்துபோனது.

நேரப் பிரச்சினைக்கு, எளிய போர்டுகளில் முழு வரிசையையும் கட்டாயப்படுத்தாமல், மாணவர்களே எந்தச் சோதனைகள் போதும் என்று தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லும் முறையை முயலலாம் என்பது என் கருத்து. மூத்த பயிற்றுநருக்கு இதில் உடன்பாடில்லை. வரிசையைக் குறைக்கும் உரிமை அனுபவத்தால் வருவது, முதல் கட்டத்தில் கொடுக்கக் கூடாது என்கிறார். இது முடிவாகவில்லை.

தளர்ந்த இணைப்புதான் எங்கள் முறையில் முழுதாகத் தப்பிய கோளாறு. பல இழை வயரில் ஒரே ஓர் இழை மட்டும் முனையில் பிடித்திருந்தாலும் மீட்டர் பீப் என்று சொல்லும், ஓம் எண்ணிலும் பெரிய வேறுபாடு தெரியாது. மீட்டர் சோதனைக்காக அனுப்பும் மின்னோட்டம் அவ்வளவு சிறியது. லோடு ஏறியதும் அந்த இடம் சூடாகும். இழுத்துப் பார்ப்பது வரிசையில் முதலிலேயே இருந்தும், மாணவர்கள் அதை ஒப்புக்குத்தான் செய்தார்கள், ஏனென்றால் அதற்கு எழுத எண் எதுவும் இல்லை. இனி 24 வோல்ட் போர்டில் லோடு கொடுத்து, ஒவ்வொரு முனைக்கும் இரு பக்கமும் மீட்டரை வைத்து, எங்கே மின்னழுத்தம் விழுகிறது என்று பார்க்கும் பயிற்சியைச் சேர்க்கிறோம். இரண்டு பல்புகளின் லோடு இதைக் காட்டப் போதாது. சில ஆம்பியர் இழுக்கும் ஒரு மின்தடையை வாங்கவும், டிரான்ஸ்ஃபார்மரையும் ஃபியூஸையும் அதற்கேற்ப மாற்றவும் சொல்லியிருக்கிறோம். கோளாறு போர்டுகளில் தளர்ந்த ஸ்க்ரூவை வைக்கும் பொறுப்பைக் களப் பழக்கம் உள்ள அந்த மாணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்த அணிக்கு அவர் உதவியாளராக வருகிறார்.